சான்றிதழ் முதல் சாய்தளம் வரை: மாற்றுத்திறனாளிகளின் வேலைக் கேள்விகள்

மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்பு ஆலோசகர் ஒருவர், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: எனக்கு ஹீமோபிலியா, அதாவது இரத்தம் எளிதில் உறையாத நோய். 50 சதவீதச் சான்றும் யூ.டி.ஐ.டி. அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இருக்கின்றன. அரசுத் தேர்வில் எழுத்துத் தேர்வு தாண்டியும், சான்றிதழ் சரிபார்ப்பில் "உங்களுக்கு ஒதுக்கீடு கிடையாது" என்று அனுப்பிவிட்டார்கள். அட்டை செல்லாதா ஐயா?

அட்டை செல்லும், ஒதுக்கீடுதான் இல்லை. இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் படிப்பவர்கள் பலர். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. வேலை ஒதுக்கீடு பற்றிய அதன் 34-வது பிரிவோ அத்தனையையும் சேர்க்கவில்லை. மொத்தம் 4 சதவீதம். பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும் 1, காது கேளாமைக்கு 1, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு 1. மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, குள்ளத்தன்மை, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள் எல்லாம் இந்த மூன்றாவது பிரிவில் வருகிறார்கள். கடைசி 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், இவற்றோடு பல்வகைக் குறைபாட்டுக்கும் சேர்த்து.

ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன், பேச்சுக் குறைபாடு ஆகியவை தனியாக இந்தப் பட்டியலில் இல்லை. இது சட்டத்தின் ஓட்டை என்றே நான் சொல்வேன். அது திருத்தப்படும்வரை உங்களுக்கு ஒரு வழி உண்டு. திரும்பத் திரும்ப இரத்தம் கசிந்து முழங்காலோ முழங்கையோ இறுகியிருந்தால், அதைக் கை கால் இயக்கக் குறைபாடாகத் தனியே மதிப்பிடும்படி மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். அந்த மதிப்பீடு 40 சதவீதத்தைத் தொட்டால் மூன்றாவது பிரிவில் விண்ணப்பிக்கலாம். தொடாவிட்டால், பொதுப் போட்டிக்குப் படிப்பதா, தனியார் வேலை தேடுவதா என்பதை இப்போதே முடிவு செய்வது நல்லது.

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன், முழுப் பார்வையின்மை. டெலிபோன் ஆபரேட்டர் வேலை தவிர வேறு எதையும் யாரும் சொல்வதில்லை. கணக்கு வேலைக்குப் போக முடியுமா?

முடியும். ஆனால் "கம்ப்யூட்டர் தெரியும்" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், செய்து காட்ட வேண்டும். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் இலவசம், அதிலேயே தொடங்குங்கள். மவுசைத் தொடாமல் எக்செல்லில் 500 வரிசை உள்ள ஒரு தாளை வடிகட்டி, கூட்டி, பிவட் அட்டவணை எடுத்து, மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப வேண்டும். இதை 20 நிமிடத்தில் செய்ய முடிந்தால் நேர்காணலுக்குப் போகலாம். போகும்போது உங்கள் மடிக்கணினியையே கொண்டுபோங்கள். அவர்கள் கணினியில் என்.வி.டி.ஏ. நிறுவ அனுமதி வாங்குவதற்குள் நேர்காணல் முடிந்துவிடும். ஸ்பீக்கரில் ஒரு நிமிடம் குரலைக் கேட்கவிட்டு, பிறகு இயர்போனுக்கு மாறுங்கள்.

எங்கே சிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பில் திரைவாசிப்பானுக்கு வெறும் படம், எழுத்துணரி மென்பொருளில் போட்டால்தான் வாசிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்பு குப்பை எழுத்தாகத்தான் ஒலிக்கும், அதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். நம் ஊர் அலுவலகங்களில் இது இன்னும் நிறைய. நிறுவனம் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் திரைவாசிப்பானோடு ஒத்துழைக்கிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே ஒரு மணி நேரம் சோதித்துப் பார்க்கக் கேளுங்கள். ஒத்துழைக்காவிட்டால், தரவை எக்செல்லில் எடுத்துச் செய்யும் பகுதியை உங்களுக்கு ஒதுக்கச் சொல்லலாம்.

கேள்வி: சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று தேர்வு மையத்தில் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். கையெழுத்து மிக மெதுவாக வரும், வலது கை மட்டும் பாதிப்பு.

மையத்தில் போய்க் கேட்பது காலம் கடந்த கேள்வி. விண்ணப்பத்திலேயே அதற்கான கட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் பார்வையின்மை, இரு கைகளும் பாதிப்பு, மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் கேட்டாலே கிடைக்கும். உங்களைப் போல ஒரு கை பாதிப்பு என்றால், "எழுதுவதற்கு உடல்ரீதியான தடை உள்ளது" என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அதிகாரியோ கண்காணிப்பாளரோ உரிய படிவத்தில் தரும் சான்றும் வேண்டும். யூ.டி.ஐ.டி. அட்டை அதற்கு ஈடாகாது. ஈடுசெய் நேரம், அதாவது கூடுதலாகத் தரும் நேரம், தேர்வின் ஒவ்வொரு மணிக்கும் 20 நிமிடம். 40 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும், எழுதுவதில் தடை இருந்தால், இந்த உரிமை உண்டு என்று 2021-ல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதுபவரின் கல்வித்தகுதி பற்றிய விதி மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தத் தேர்வின் அறிவிப்பைப் பாருங்கள், போன முறை உங்களுக்கு எழுதியவர் இந்த முறை தகுதி இழந்திருக்கலாம்.

கேள்வி: மகனுக்குக் காது கேட்காது. ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தான். மூன்று கம்பெனியிலும் "பாதுகாப்புப் பிரச்சினை" என்கிறார்கள்.

அம்மா, "பாதுகாப்பு" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சை முடிக்க விடாதீர்கள். எந்த வேலையில், எந்த ஒலி, அதற்கு மாற்று என்ன என்று பிரித்துக் கேளுங்கள். கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குக் கம்பம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். தீ எச்சரிக்கைக்கு மின்னும் விளக்கும், அதே ஷிப்டில் பொறுப்பேற்கும் ஒரு தோழரும் போதும். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையில் அவர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. அங்கே மஞ்சள் கோடு போட்ட நடைபாதையும் வளைவில் குவியாடியும் கேட்கலாம், இல்லையேல் அசெம்பிளி, தர ஆய்வு, டூல் ரூம் பகுதிகளைக் கேட்கலாம். எந்திரத்தின் சத்தம் மாறுவதை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கும் பராமரிப்பு வேலை முதல் வேலையாக வேண்டாம்.

நேர்காணலுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீங்களே பெயர்ப்பாளராக உட்கார்ந்தால் கேள்வியெல்லாம் உங்களிடம்தான் வரும், பையன் ஓரமாகிவிடுவான். வரைபடம் படிப்பதையும் வெர்னியர் அளவெடுப்பதையும் செய்து காட்டட்டும். இன்னொன்று: மாற்றுத்திறனாளிகளுக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டில் சேர்வதற்கான மாதச் சம்பள உச்சவரம்பு மற்றவர்களைப் போல 21,000 அல்ல, 25,000 ரூபாய். பல மனிதவளத் துறையினருக்கே இது தெரியாது.

கேள்வி: தனியார் நிறுவனங்களிலும் 4 சதவீதம் கட்டாயமா?

இல்லை. ஆனால் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் எந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று அதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு விண்ணப்பித்தால் கடிதத்தின் தோரணையே மாறும்.

கேள்வி: மனநல மருந்து எடுக்கிறேன். சான்று வாங்கவில்லை. வேலைக்குச் சேரும்போது சொல்லணுமா?

நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் குறைவு. வேலையில் என்ன தேவை என்பதை மட்டும் சொல்லுங்கள்: "இரவு ஷிப்ட் எனக்கு ஒத்துவராது, மாதம் ஒரு நாள் மருத்துவரைப் பார்க்க அரை நாள் வேண்டும்." இதைப் பணி ஆணை கைக்கு வந்த பிறகு, சேரும் தேதிக்கு முன் கேட்பதே என் பரிந்துரை. மருத்துவப் படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள், பிற்பாடு வேலையை விட்டு அனுப்ப அதுவே காரணமாகும். ஒதுக்கீட்டில் அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் மட்டும் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். காலாவதித் தேதியோடு தற்காலிகச் சான்று தந்தால், சரிபார்ப்பு நாளில் அது உயிரோடு இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். விபத்தில் ஒரு கால் போய்விட்டது. விருப்ப ஓய்வு கொடுக்கச் சொல்லி அழுத்துகிறார்கள்.

கையெழுத்துப் போட வேண்டாம். 2016-ம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவின் 4-வது உட்பிரிவு தெளிவாக இருக்கிறது: பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட அரசு நிறுவன ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி, பொருத்தமான இடம் வரும்வரை அல்லது ஓய்வு வயதுவரை வைத்திருக்க வேண்டும். மாற்றுப்பணி கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார். விருப்ப ஓய்வுக் கடிதம் ஒருமுறை போய்விட்டால், "அவரே கேட்டார்" என்பதுதான் வழக்கு முழுக்க ஓடும்.

கேள்வி: மகளுக்கு 22 வயது, அறிவுசார் குறைபாடு. எண்ணத் தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் தின்பண்டம் பேக் செய்யும் யூனிட்டில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள்.

எண்ணத் தெரிய வேண்டாம். பெட்டிக்கு 12 பாக்கெட் என்றால், 12 கட்டம் வரைந்த தட்டு ஒன்று செய்து கொடுங்கள். கட்டம் நிரம்பினால் பெட்டிக்குள் கவிழ்ப்பது மட்டுமே அவள் வேலை. முழு வேலையையும் சிறு படிகளாக்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் ஒட்டுங்கள். தொடக்கத்தில் தினம் இரண்டு மணி நேரம் போதும். கூட இருந்து கற்றுக்கொடுப்பவர் அம்மாவாக இல்லாதிருந்தால் நல்லது, அம்மா பக்கத்தில் நின்றால் பிள்ளை கையை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்க்கும். கற்றுக்கொடுப்பவர் படிப்படியாகத் தள்ளி நிற்க வேண்டும்: முதலில் பக்கத்தில், பிறகு அறையின் மறுகோடியில், பிறகு வாரம் ஒரு முறை வந்துபோவது. இந்த வேலைகள் கெடுவது பெரும்பாலும் மேற்பார்வையாளர் மாறும்போதுதான். ஆகவே படிகள் எழுதிய தாள் யூனிட்டிலேயே இருக்கட்டும். மாலை வீடு திரும்பும் வழியையும் வேலையின் ஒரு பகுதியாகவே பழக்குங்கள். சம்பளம் அவள் பெயரில் உள்ள கணக்குக்குப் போகட்டும். சட்டப்படி பாதுகாவலர் தேவைப்பட்டால் 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவதால் இன்னும் பயன் உண்டா?

உண்டு, ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் பதிவு மூப்பு போய்விடும். பதிந்து ஓராண்டு ஆனால் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை உண்டு: பத்தாம் வகுப்பும் அதற்குக் கீழும் மாதம் 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய். தொழிற்பயிற்சி வேண்டுமென்றால் சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கிறது. "ஒதுக்கீட்டு இடம், இரண்டு லட்சம் முன்பணம்" என்று யாராவது பேசினால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

கேள்வி: சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன். வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர வேண்டும். நிறுவனத்திடம் என்ன கேட்பது?

சாய்தளம் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கு" என்பார்கள், போய்ப் பார்த்தால் சரக்கு ஏற்றும் சரிவாக இருக்கும். அளவாகக் கேளுங்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு, கதவுத் திறப்பு 900 மில்லிமீட்டர், மேசைக்குக் கீழே முழங்கால் நுழையும் இடம். எல்லாவற்றையும்விட முதலில் கழிப்பறை. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சமாளித்து, சிறுநீர்த் தொற்றோடு வேலையை விட்டவர்கள் நிறைய. சேரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே நேரில் போய் வாசல் முதல் இருக்கை வரை உருட்டிப் பாருங்கள். மாற்ற வேண்டியதை அன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள். லிஃப்ட் பழுதானால் அன்று வீட்டிலிருந்தே வேலை என்பதையும் அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.