ஒகேனக்கல்: கிளம்பும் முன் கன அடியைப் பாருங்கள்

"சேலத்திலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறோம். வழியில் ஒகேனக்கல் பார்க்க ஆசை. போன ஆகஸ்டில் போனபோது பரிசல் இல்லை, தொங்குபாலமும் பூட்டியிருந்தது. இந்தத் தடவை 65 வயது அம்மாவும் வருகிறார். எப்போது போகலாம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

காலண்டரை விடுங்கள், பிலிகுண்டுலுவைப் பாருங்கள். கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழகத்துக்குள் வரும் இடம் அது. மத்திய நீர்வளத் துறையினர் அங்கே தண்ணீரை அளக்கிறார்கள். 'ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி' என்று செய்தியில் தினமும் வருகிறதே, அந்தக் கணக்குதான். ஒரு கன அடி என்றால் நொடிக்கு சுமார் 28 லிட்டர். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால், இங்கே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் ஓரிரு நாளில் பாறையெல்லாம் முங்கிவிடும். உடனே மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடும். நீங்கள் போன ஆகஸ்ட் அப்படிப்பட்ட மாதம். ஆடிப்பெருக்குக் கூட்டம் வேறு.

என்னைக் கேட்டால் அக்டோபருக்குப் பிறகு, வார நாளில் போங்கள். அதிலும் கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தியைப் பாருங்கள். வரத்து ஏறிக்கொண்டே இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டினால் காடு, இறக்கம், வளைவுகள். யானை நடமாட்டம் உள்ள இடம், அதனால் பொழுது சாய்வதற்குள் மேலே ஏறிவிடுங்கள். திரும்பும்போது தருமபுரிக்கே வர வேண்டியதில்லை. பென்னாகரத்திலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் பிடித்துவிடலாம்.

காலையில் முதல் வேலையாகப் பரிசல். சீட்டு வாங்கி, லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறுங்கள். மூங்கில் பின்னலில் தார்ப்பாய் போர்த்திய வட்டக் கூடை அது. ஒருவர் எழுந்தால் மொத்தமும் சாயும். பாறை இடுக்கில் நிறுத்தி ஓட்டுநர் ஒரு சுற்று சுற்றுவார். அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டென்றால் ஏறும்போதே "சுத்தாதீங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

அப்புறம் தொங்குபாலம். நாலு பேர் நடந்தாலே லேசாக ஆடும். அம்மா கைப்பிடியைப் பிடித்து நிதானமாக வரட்டும், ஓடும் பிள்ளைகளை முன்னால் போக விடுங்கள். மெயின் அருவியின் புகை கண்ணில் படும் இடம் அது. கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. பேர் வந்த கதை அங்கே நின்றால் புரியும்.

குளிக்கும் இடத்தில்தான் எனக்குப் பயம். எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு நேரே அருவிக்குப் போகிறார்கள். அந்தப் பிசுக்குப் பாறையில் படிந்து, காய்ந்த மாதிரி தெரியும் இடம்கூட வழுக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துத்தான் நிற்க வேண்டும். அம்மா ஒரு சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டாலும் காவிரித் தண்ணீர்தானே.

மீனை மட்டும் பரிசலில் ஏறும் முன்பே வாங்கி, சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து சொன்னால் மதியக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பசியோடு உட்கார வேண்டியிருக்கும்.