"ஆஸ்பத்திரி என்றால் இதெல்லாம் சகஜமா?"

கேள்வி: என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சிறுநீர் வெளியேறப் போட்ட குழாய் (கதீட்டர்) வழியாகத் தொற்று ஏறி, காய்ச்சலில் கூடுதலாக இரண்டு வாரம் படுத்துவிட்டார். "ஆஸ்பத்திரி என்றால் இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள். கை கழுவாதது ஊழியர் தப்புதானே, இதில் அரசாங்கம் என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகி

பதில்: 'சகஜம்' என்ற பதிலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். தொற்றுத் தடுப்பு நர்ஸாக வார்டு வார்டாக அலைந்தவள் நான். ஆபரேஷனுக்குப் போட்ட குழாயை எடுக்க மறந்துவிடுவார்கள். நாள் கூடக்கூட கிருமி ஏறும் வாய்ப்பும் கூடும். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சிறுநீர்ப் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பார்கள். பையில் இருப்பது திரும்ப உள்ளே ஓடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. "இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?" என்று ரவுண்ட்ஸில் தினமும் ஒருவர் கேட்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

கை கழுவுவது ஊழியர் கடமை, மறுக்கவில்லை. ஆனால் சோப்புப் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். ராத்திரி டியூட்டியில் ஒரே நர்ஸ் வார்டு முழுக்கப் பார்க்கிறாள், வாஷ்பேசினோ வராந்தாக் கோடியில். எத்தனை தடவைதான் போய்வருவாள்? கட்டிலருகே ஹேண்ட்ரப் (கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் கிருமிநாசினி) இருந்தால் 20, 30 விநாடியில் முடிந்துவிடும். அந்த பாட்டில் காலியாகாமல் இருப்பதும் இன்னொரு நர்ஸைப் போடுவதும் பட்ஜெட்டில் முடிவாகிற காரியங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அது அரசின் கையில்தானே இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன கணக்கு இது: திடீர் நோய், ஆபரேஷன் போன்ற குறுகிய காலச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் ஆஸ்பத்திரியிலேயே தொற்று வருகிறது. ஏழை நாட்டு நர்ஸுக்கு மட்டும் அக்கறை குறைவு என்று யாராவது சொல்வார்களா?

அரசு முதலில் செய்ய வேண்டியது எண்ணுவது. இங்கிலாந்தில் 2001 முதல் எம்.ஆர்.எஸ்.ஏ. (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஒரு கிருமி) ரத்தத் தொற்றை எல்லா அரசு ஆஸ்பத்திரிகளும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். 2008-க்குள் அதைப் பாதியாக்குவோம் என்று 2004-இல் அரசே இலக்கு வைத்தது, எட்டியும் காட்டியது. அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம், ஆஸ்பத்திரியில் வந்த சிறுநீர்க் குழாய்த் தொற்றுக்குக் கூடுதல் பணம் தருவதை 2008 அக்டோபரில் நிறுத்தியது. பணத்தைப் பிடிப்பதை மட்டும் நான் நம்பமாட்டேன். தொற்றையே மறைக்கத் தோன்றும். வெளியாள் வந்து கணக்கைச் சரிபார்க்க வேண்டும், ஆஸ்பத்திரி வாரியாக அதைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும்.

நீங்கள் நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: 1,000 குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) இங்கே எத்தனை தொற்று? அந்தக் கணக்கு அரசுக்குப் போகிறதா? நகலைச் சுகாதாரத் துறைக்கும் அனுப்பிவிடுங்கள்.