வெள்ளை பெரிதானால் கட்டி திரும்பிவிட்டதா?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சும் டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையும் கொடுத்தார்கள். கதிர்வீச்சு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது எடுத்த எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் பகுதி பெரிதாகியிருக்கிறதாம். பெர்ஃப்யூஷன், ஸ்பெக்ட்ராஸ்கோபி எடுக்கச் சொல்கிறார்கள். கட்டி திரும்பிவிட்டதா? ஒரு ஸ்கேன் போதாதா?

பதில்: அந்த வெள்ளையை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள், அம்மா. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் பழுதான இடத்தில், ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து கசிகிறது. அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. சுவரைக் கட்டியும் கெடுக்கும், கதிர்வீச்சும் கெடுக்கும். கதிர்வீச்சு முடிந்த முதல் 12 வாரங்களில் கட்டி வளராமலே வளர்ந்ததுபோல் படம் காட்டுவது உண்டு. இதை சூடோபுரோகிரஷன் என்பார்கள். பயாப்ஸி அறிக்கையில் எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன் (கட்டியில் அந்த மரபணு அடங்கிக் கிடப்பது) இருப்பதாகச் சொல்லியிருந்தால் இதற்கு வாய்ப்பு இன்னும் கூடுதல்.

பெர்ஃப்யூஷன் அந்த இடத்தில் ரத்தம் எவ்வளவு என்று பார்க்கிறது. வளரும் கட்டி புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். கதிர்வீச்சில் செத்த திசுவில் ரத்தம் குறைவு. மருந்தை விநாடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில் செலுத்தி, பின்னாலேயே சலைன் தள்ளுவார்கள். மருந்து கடக்கும் சில விநாடிகள் படம் கறுத்து மீளும். எவ்வளவு கறுத்தது என்பதிலிருந்து ரத்த அளவைக் கணக்கிட்டு, மறுபக்கத்து நல்ல மூளையோடு ஒப்பிடுவார்கள்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த ஊசியில்தான். புறங்கையில் சின்ன வென்ஃப்ளான் (மருந்து ஏற்றப் பொருத்தும் குழாய் ஊசி) இருந்தால் அந்த வேகம் தாங்காது. மருந்து இழுத்து இழுத்துப் போய், கணக்கே தப்பாகும். முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் அளவுள்ள பெரிய ஊசி வேண்டும். நரம்பு கிடைப்பது கஷ்டமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய ரத்தக்கசிவு, மூக்கையொட்டிய காற்றறை, இவற்றின் அருகில் படம் எப்போதுமே கறுப்புதான்; கட்டி இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

ஸ்பெக்ட்ராஸ்கோபி திசுவிலுள்ள ரசாயனங்களை அளக்கிறது. அதில் கோலின் ஏறி, நல்ல நரம்புச் செல்களில் இருக்கும் என்.ஏ.ஏ. இறங்கினால் கட்டிப் பக்கம். லிப்பிடும் (கொழுப்பு) லாக்டேட்டும் மட்டும் ஓங்கியிருந்தால் செத்த திசுப் பக்கம். அளப்பதற்காகப் படத்தில் குறிக்கும் பெட்டி மண்டைத்தோலின் கொழுப்பைத் தொட்டாலே லிப்பிடு எகிறும். ஒரே இடத்தில் கட்டியும் செத்த திசுவும் கலந்திருப்பதும் சகஜம். அதனால் இதை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியல்ல.

இன்னொன்று, ஸ்டீராய்டு. டெக்ஸாமெதசோன் கசிவை அடைக்கும். அந்த மாத்திரையைக் குறைத்தால் வெள்ளை தானாகவே பெரிதாகலாம். எந்தத் தேதியில் எவ்வளவு மில்லிகிராம் என்று எழுதிக் கொடுங்கள். கூடவே கதிர்வீச்சு முடிந்த தேதி, பயாப்ஸி அறிக்கை, கதிர்வீச்சுக்குப் பிறகு எடுத்த முதல் ஸ்கேன் பதிந்த டிஸ்க் ஆகியவற்றையும் கொடுங்கள். ஃபிலிம் மட்டும் போதாது. அந்த முதல் படத்தோடு ஒப்பிட்டால்தான் வளர்ச்சியா இல்லையா என்று சொல்ல முடியும்.

ரத்த அளவு குறைவாகவும் அவர் நடமாட்டம், பேச்சு நன்றாகவும் இருந்தால், பெரும்பாலும் சிகிச்சையைத் தொடர்ந்து, 4 முதல் 8 வாரத்தில் அதே மெஷினில் மறுபடி பார்ப்பார்கள். கூடுதலாக இருந்து சந்தேகம் தீரவில்லையென்றால் பயாப்ஸி. ஊசி எங்கே போகவேண்டும் என்பதையும் பெர்ஃப்யூஷன் படமே காட்டும்.

கேள்வி: மண்டையோட்டில் டைட்டானியம் தகடு இருக்கிறது. ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: பொதுவாக எடுக்கலாம், டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. தகட்டையொட்டிய பகுதி மட்டும் பெர்ஃப்யூஷனில் நிழல் விழுந்து கெடும். ஆபரேஷன் குறிப்பை டெக்னீஷியனிடம் காட்டிவிட்டே உள்ளே போகச் சொல்லுங்கள்.