மனையை எழுதிக் கொடுத்து மகனைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பும் உண்டு. கணவர் இறந்துவிட்டார். எனக்கு 51 வயது, டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறேன். வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் தர்ம இல்லம் ஒன்று இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். 4 லட்சம் டொனேஷன் கேட்கிறார்கள். கணவர் வாங்கிய வீட்டு மனையைத் தான செட்டில்மெண்ட்டாக எழுதித் தரவும் சொல்கிறார்கள். டிரஸ்ட் பத்திரம், வரிவிலக்குச் சான்று எல்லாம் காட்டினார்கள். சேர்க்கலாமா?
ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சேர்ப்பதை அப்புறம் பார்ப்போம் அம்மா. முதலில் மனைப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அந்தத் 'தெரிந்தவர்' உங்களுக்குத் தெரிந்தவரா, இல்லத்துக்குத் தெரிந்தவரா என்று விசாரியுங்கள். முடியாத பெற்றோரைத் தேடிப் பிடித்து இல்லத்தில் கொண்டுபோய்விட்டு, கமிஷன் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல இல்லத்துக்கு இப்படி ஆள் பிடித்துக் கொடுக்கத் தரகர் தேவையில்லை.

அவர்கள் காட்டிய காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன். டிரஸ்ட் பத்திரம் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பதிவது. 80ஜி என்று சொல்லப்படும் அந்த வரிவிலக்குச் சான்று, நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகை தருவது. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைக்கூட விடுதியில் வைக்க முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி வாங்கிய பதிவுச் சான்று. எல்லோர் கண்ணிலும் படும்படி அதை மாட்டி வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 'ஆடிட்டரிடம் இருக்கிறது' என்றால் திரும்பிவிடுங்கள். மாட்டியிருந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். பிறகு அந்த இல்லம் இருக்கும் மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காட்டி, உண்மைதானா என்று கேளுங்கள். இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு அனுப்புவார்கள். விடாதீர்கள். பதிவில்லாமல் நடத்தினால் என்ன தண்டனை தெரியுமா? முதல் தடவை, அதிகபட்சம் 10,000 ரூபாய் அபராதம். ஒரு பிள்ளைக்கு 4 லட்சம் கேட்பவர்களுக்கு அது எம்மாத்திரம்? 2001இல் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகும் நம் சட்டத்துக்கு இவ்வளவுதான் கோபம் வருகிறது.

'வாழ்நாள் முழுக்க' என்ற பேச்சையும் அப்படியே நம்பாதீர்கள். குழந்தைகள் இல்லமாக மட்டும் பதிவு செய்திருந்தால் அந்தக் கணக்கு 18 வயதோடு முடிகிறது. உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டே ஆண்டு. அதற்குப் பிறகு எங்கே, எந்தப் பதிவின்கீழ் வைத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி மனை. கணவர் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அதில் உங்கள் மகனுக்கும் பங்கு உண்டு. மாமியார் அப்போது இருந்திருந்தால் அவருக்கும் உண்டு. மைனரின் பங்கை, கோர்ட் அனுமதி இல்லாமல் பெற்ற தாயே ஆனாலும் எழுதிக் கொடுக்க முடியாது. இதைத் தரகர் சொல்லியிருக்க மாட்டார்.

'சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் செட்டில்மெண்ட்டை ரத்து செய்துவிடலாம், சட்டம் இருக்கிறது' என்றும் சொல்வார்கள். இதைக் கொஞ்சம் விளக்கியே ஆகவேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். அந்தச் சட்டம், 2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். அதில் சொத்தை மீட்க வழி உண்டு, உண்மைதான். ஆனால் எழுதிக் கொடுத்தவருக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு 51. சரி, 60 என்றே வைத்துக்கொள்வோம். எழுதி வாங்கியவர், எழுதிக் கொடுத்தவரைப் பராமரிக்க வேண்டும் என்பதுதான் அங்கே நிபந்தனை. இல்லம் வாக்குக் கொடுப்பது உங்கள் மகனைப் பார்த்துக்கொள்வதாக, உங்களை அல்ல. ஆக, எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. மிச்சம் சிவில் கோர்ட்தான். அங்கே வழக்கு முடிவதற்குள் பையனுக்குத் தாடி நரைத்துவிடும்.

உங்கள் பங்கை அவனுக்காக விட்டுவைக்க நினைத்தால், நம்பகமான உறவினர் இருவரைப் பொறுப்பாக்கி உயில் எழுதுங்கள். 18 ஆனதும் அவனுக்குச் சட்டபூர்வ காப்பாளர் வேண்டும். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுதான் நியமிக்கும். குழு எப்போது கூடும் என்று கேட்டால் ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகவே கொடுத்துவிடுங்கள். காப்பாளராக உங்கள் தம்பியோ தங்கையோ இருக்கட்டும். இல்லமே காப்பாளராக இருக்கச் சம்மதம் கேட்டு ஒரு படிவம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். பராமரிப்பவரும் அவரே, பராமரிப்பைத் தட்டிக்கேட்க வேண்டியவரும் அவரே என்றால் பிள்ளைக்கு யார் பேசுவது?

மாதக் கட்டணம் வாங்கி ரசீது தரும், பதிவுள்ள இல்லமாகப் பாருங்கள். முதலில் ஒரு வாரம் மட்டும் விட்டுப் பார்க்க ஒப்புக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். சேர்க்கும் முன் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் காலை பதினோரு மணிக்குப் போங்கள். அந்நேரத்தில் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தால், ஏதோ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். டூத் பிரஷ்ஷில் பெயர் எழுதியிருக்கிறதா, மருந்துப் பதிவேட்டில் அன்றைய காலைக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மேலாளரிடம் பேசி முடித்ததும், இரவில் கூடப் படுக்கும் ஆயாவைத் தனியாகக் கூப்பிட்டு, 'ராத்திரி இவனுக்கு ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்போம், மணி பார்ப்போம், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி என்றால் மேற்கொண்டு பேசலாம். சாவிக்கொத்தைக் கையில் திணிப்போம் என்றால், காபி வருவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.