நியான் கோபி வெண்புள்ளி நோயைத் தீர்க்குமா?

கேள்வி: என்னிடம் 75 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு கிளவுன் மீன்கள், ஓர் இறால், கொஞ்சம் பவளம் வைத்திருக்கிறேன். ஒரு மீனின் துடுப்பில் உப்பு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கின்றன. மீன் விற்றவரைக் கேட்டால், "மருந்தே வேண்டாம், நியான் கோபி இரண்டு விடுங்கள், புள்ளியைத் தின்றுவிடும்" என்கிறார். விடலாமா?

பதில்: விடாதீர்கள். கோபி மட்டுமல்ல, இப்போதைக்கு எந்த மீனையும் அந்தத் தொட்டியில் விடாதீர்கள்.

நியான் கோபி உண்மையிலேயே சுத்தம் செய்யும் மீன்தான். அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. எலகாட்டினஸ் ஓஷியானாப்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து மத்திய அமெரிக்காவின் பெலீஸ் வரையுள்ள பவளத்திட்டுகளில் வாழ்கிறது. நன்றாக வளர்ந்தாலே 5 சென்டிமீட்டர்தான். கறுப்பு உடம்பு, முகத்தில் தொடங்கிக் கண்ணை உரசிக்கொண்டு வால்வரை ஓடும் பளிச்சென்ற நீலக் கோடு. மூளைப் பவளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அதைவிடப் பல மடங்கு பெரிய மீன்கள் தேடி வந்து வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நிற்கும். இது உள்ளே புகுந்து செவுள்வரை மேய்ந்துவிட்டு வரும்.

சரி, அங்கே எதை மேய்கிறது? மீனின் உடம்புக்கு வெளியே ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற பூச்சிகளை. மாட்டுக்கு உண்ணி மாதிரி மீனுக்கு அவை. இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தவை. உங்கள் மீனில் இருப்பது அதுவல்ல. வெண்புள்ளி நோயைக் கொண்டுவரும் ஒட்டுண்ணியான கிரிப்டோகேரியான் ஓர் ஒற்றைச் செல் உயிரி. அது தோலின் மேலடுக்குக்கு அடியில் புகுந்துகொள்கிறது. நீங்கள் பார்க்கும் புள்ளி, உள்ளே இருக்கும் அதுவும் அதற்கு மேலே புடைத்து நிற்கும் தோலும்தான். கோபியின் வாய் அதைத் தொட முடியாது.

பிறகு எப்படி "கோபி விட்டேன், மூன்றே நாளில் புள்ளி போய்விட்டது" என்று ஆள் ஆளுக்குச் சொல்கிறார்கள்? எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த ஒட்டுண்ணி மூன்று முதல் ஏழு நாள்வரைதான் மீனின் மேல் இருக்கும். அப்புறம் தானாகவே கழன்று தொட்டியின் அடியில், கல்லில், மணலில் கூடு கட்டிக்கொள்ளும். மீன் பளபளவென்று இருக்கும். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் கூடு வெடித்து, ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீந்தி வந்து மறுபடி மீனைப் பிடிக்கும். இந்த முறை புள்ளி செவுளுக்கும் போகும். நடுவில் மீன் சுத்தமாகத் தெரிந்த அந்தச் சில நாள்தான் வியாபாரியின் சாட்சி. கோபி இல்லாவிட்டாலும் அந்த நாள் வந்திருக்கும். அதற்குள் நீங்கள் இரண்டு மீனுக்குப் பணம் கொடுத்திருப்பீர்கள். அவையும் நோயில் விழும்.

"பவளத்துக்கும் இறாலுக்கும் ஒன்றும் ஆகாது" என்று எழுதிய புட்டியை அடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்குக் காரமான காப்பர் மருந்து இறாலையும் பவளத்தையும் கொல்லாமல் விடாது. அதனால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து போட வேண்டும். அந்தத் தொட்டியில் மணல் வேண்டாம், கல் வேண்டாம். இரண்டும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிடுங்கள். காப்பர் மருந்துப் புட்டியில் சொன்ன அளவு நீரில் இருக்கிறதா என்று காப்பர் டெஸ்ட் கிட் வைத்துத் தினமும் சரிபாருங்கள். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. மருந்து வேலை செய்வது நீந்தித் திரியும் குஞ்சுகள்மேல் மட்டும். தோலுக்கடியில் இருப்பதை அது தொடாது. அதனால் 30 நாள் மருந்தைத் தொடருங்கள். பழைய தொட்டியில் மீனே இருக்கக் கூடாது. இறாலும் பவளமும் இருக்கலாம். அங்கே 76 நாள் காத்திருங்கள். நீண்ட காலம்தான், ஆனால் பிடிக்க மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி சாக வேண்டும்.

ஒரே ஒரு நிலைமையில் கோபி உதவும், அதையும் சொல்லிவிடுகிறேன். கடலில் பிடித்த மீன் சில சமயம் அந்த ரத்தப் பூச்சியோடே வந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். புள்ளி உப்புக்கல் மாதிரி உருண்டையாக, அசையாமல் இருந்தால் வெண்புள்ளி நோய். அரிசிக் குருணை மாதிரி நீண்டு, உடம்பு தெரிந்து, சில மணி நேரத்தில் இடம் மாறியிருந்தால் பூச்சி. பூச்சி என்றால் கோபி தின்னும். அப்போதும் முழுக்கத் தீர்க்காது, ஏனென்றால் அந்தப் பூச்சி குடித்து முடித்ததும் இறங்கிக் கல்லிடுக்கில் போய் ஒளியும். நீங்கள் எழுதியிருப்பது உப்பு தூவியதுபோல் என்று. எனவே இந்த விதிவிலக்கு உங்களுக்கு இல்லை.

இத்தனைக்கும் பிறகு கோபி மேல் ஆசை இருந்தால், தாராளமாக வளர்க்கலாம், அருமையான மீன். 1970களிலிருந்தே தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். கடலில் பிடித்ததை வாங்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் மீன் எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவருக்குச் சொல்ல யாருக்கும் அக்கறை இல்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது அறிவியல் பெயர் முதலில் காணாமல் போகிறது, அப்புறம் ஊர். நன்னீரில் வாழும் ஸ்டிஃபோடான் மீனையும் "நியான் கோபி" என்றே விற்கிறார்கள். ஒரு சீட்டில் இரண்டு சொல் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வாய்ப்பேச்சை நம்பாமல் அறிவியல் பெயரையும், வளர்ப்பு மீன்தானா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெரிதாக இருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இதன் ஆயுளே ஓரிரண்டு வருடம்தான். 5 சென்டிமீட்டர் மீன் கிழட்டு மீன். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உள்ளதாகப் பார்த்து, உங்கள் கண்முன்னே தீனி தின்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 76 நாள் முடிந்த பிறகு வாங்கினாலும், முதல் நான்கு வாரம் அந்தப் பிவிசி குழாய்த் தொட்டியை மருந்து போகக் கழுவி, புதுக் கடல்நீர் நிரப்பி, அதில்தான் வைக்க வேண்டும்.