வார்த்தைய மாத்தி எழுதிட்டா சைட்டேஷன் போடணுமா? டர்னிடின்ல பெர்சன்ட் குறைஞ்சா போதாதா?

போடணும். எவ்வளவு மாத்தி எழுதினாலும் இது யாரோட கருத்துன்னு சைட்டேஷன் போடணும், எழுத்து வேற எதோடயாவது ஒத்துப் போகுதான்னு பெர்சன்ட்ல காட்டுற டர்னிடின்ல 0 வந்தாலும் போடணும். கேள்விக்கு பதில் இவ்வளவுதான், ஆனா இதோட விட்டுட்டு போக மனசு வரல, ஏன்னா 2020ல இதே கேள்விய நான் எனக்கு நானே கேட்டு, எனக்கு வசதியா ஒரு பதிலும் சொல்லிக்கிட்டு, அப்புறம் ரெண்டு மாசம் தூக்கம் இல்லாம கெடந்தவ.

வெள்ளிக்கிழம சாப்டர் 2 அனுப்பணும், சூப்பர்வைசர் 20 பெர்சன்ட்டுக்கு மேல வந்தா வாங்க மாட்டாருன்னு எழுதியிருக்கீங்க. உங்கள எனக்கு தெரியாது, ஆனா நிலம புரியுது. ஒரு பக்கம் பத்து பன்னெண்டு பிடிஎஃப் தொறந்து கெடக்கும், இன்னொரு பக்கம் வார்த்தைய மாத்தி குடுக்குற டூல் தொறந்து இருக்கும், ஒரு பாராவ அதுல போட்டு எடுத்து ஒட்டிட்டு பெர்சன்ட் எறங்குதான்னு பாத்துக்கிட்டு இருப்பீங்க. தப்பா நெனச்சிருந்தா மன்னிச்சிருங்க. நான் அப்படித்தான் இருந்தேன், என்கிட்ட டூல் இல்ல, டிக்‌ஷனரி இருந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்து வளந்தவ. தாத்தா 1937ல ரஜூலா கப்பல்ல பினாங்குல வந்து எறங்கினவரு, அதனால ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு, நம்மாளுங்கள தோட்டத்துக்கு கொண்டுவந்த கங்காணி முறைய எடுத்துக்கிட்டேன். படிச்சதுல முக்கியமானது கெர்னியல் சிங் சாந்து 1969ல மலாயா இந்தியர்கள பத்தி எழுதின புத்தகம், அது போக நாலஞ்சு ஆர்ட்டிகல். சாப்டர் 2 மொத தடவ போட்டப்ப 34 பெர்சன்ட். பயந்து போயி ஒக்காந்து வார்த்தை வார்த்தையா மாத்துனேன். லேபர்னு இருந்தா வொர்க்கர், அசிஸ்டட்னு இருந்தா ஹெல்ப்ட், எமிகிரேஷன்னு இருந்தா மூவ்மெண்ட், ஒரு எடத்துல முன்வரிய பின்னாடி போட்டேன் பின்வரிய முன்னாடி போட்டேன், மூணு நாள்ல 9 பெர்சன்ட்டுக்கு எறக்கிட்டேன். என் சொந்த எழுத்துதானேன்னு நெனச்சு பாதி சைட்டேஷனையும் எடுத்துட்டேன். வேணும்னே திருடணும்னு செய்யல, சத்தியமா சொல்றேன், வார்த்தை என்னோடதுன்னா வாக்கியமும் என்னோடதுன்னுதான் நம்பினேன்.

அனுப்பி நாலு நாள்ல சூப்பர்வைசர் போன் போட்டாரு. எம்.சி.ஓ., அதான் கொரோனா ஊரடங்கு நேரம், நேர்ல போக முடியாது. வயசானவரு, நம்மாளுதான், கோவமே படல. "ஏம்மா, அசிஸ்டட் எமிகிரேஷன்னா என்ன?"ன்னு மட்டும் கேட்டாரு. எனக்கு வாய் வரல. ஏன்னா நான் அந்த வார்த்தைய மாத்துனேனே தவிர, அது என்னன்னு ஒரு நிமிசம் யோசிக்கல. அது சும்மா உதவி செஞ்சாங்கங்கற அர்த்தம் இல்லீங்க. 1907ல தமிழர் குடியேற்ற நிதின்னு ஒண்ணு ஆரம்பிச்சு, தோட்டக்காரங்ககிட்ட வரி மாதிரி பணம் வசூலிச்சு, அதுல ஆளுங்களுக்கு கப்பல் செலவு கட்டி கூட்டிட்டு வந்தாங்க. அப்படி செலவு கட்டி கூலியாளுங்கள அனுப்புறதத்தான் இந்திய அரசாங்கம் 1938ல தடுத்துச்சு. சொந்தக் காசுல டிக்கெட் வாங்கி வந்தவங்கள அது தடுக்கல. நான் எழுதினது என்ன தெரியுமா? 1938ல கங்காணி சிஸ்டம் ஒழிஞ்சிருச்சு, அதுக்கப்புறம் யாரும் வரலன்னு. வார்த்தைய மாத்தப் போயி சரித்திரத்தையே மாத்தி வச்சிருக்கேன், டர்னிடின் அத 9 பெர்சன்ட்னு பச்சைல காட்டிருச்சு.

டர்னிடின் பெர்சன்ட் எழுத்து எதோட ஒத்துப் போகுதுன்னுதான் காட்டும். யாரோட யோசனை, சரியா புரிஞ்சுதா, அதுக்கு தெரியாது. ஒழுங்கா மேற்கோள் குறி போட்டு, பக்க எண் போட்டு எடுத்தத கூட அது கலர் அடிச்சு காட்டும், செட்டிங்ல மேற்கோளையும் ரெஃபரன்ஸ் லிஸ்டையும் கழிச்சுட்டு பாத்தா நம்பர் எறங்கும். அதனால 20ங்கறது உங்க ஃபேகல்டி வச்ச கோடு, 19 வந்தா நல்லவன் 21 வந்தா திருடன்னு இல்ல.

நான் செஞ்சதுக்கு பேட்ச்ரைட்டிங்னு ஒரு பேரு இருக்கு, ஒட்டுப்போட்ட சட்ட மாதிரி. ரெபெக்கா மூர் ஹோவர்ட்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் 1990கள்ல சொன்னது. புது துறைக்குள்ள நுழையுற மாணவங்க பாஷை பிடிபடாம தடுமாறுற கட்டம் அது, நேரா திருட்டுன்னு முத்திர குத்தாதீங்கன்னு அவங்க எழுதியிருக்காங்க. இத சொன்னதும் என் சூப்பர்வைசர்தான், எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆனா ரெண்டாவது சாப்டர் முழுசையும் திரும்ப எழுத சொன்னாரு. எப்படின்னும் சொன்னாரு: ஒரு பகுதிய படி, புத்தகத்த மூடு, எந்திரிச்சு போயி வீட்டுல யாருகிட்டயாவது தமிழ்ல சொல்லு, அவங்க கேக்குற கேள்விக்கு உன்னால பதில் சொல்ல முடிஞ்சா வந்து எழுது, எழுதினதுக்கு அப்புறம் புத்தகத்த தொறந்து தப்பு இருக்கான்னு பாரு.

வீட்டுல யாரு இருக்கா, எங்கம்மாதான். சம்பல் அரைச்சிக்கிட்டு இருந்தாங்க. 1938ல கங்காணி முறைய நிறுத்திட்டாங்கம்மான்னு ஆரம்பிச்சேன். அம்மா கைய நிறுத்திட்டு, "என்னாடி சொல்ற, நான் 1960ல பொறந்தவ, எங்கம்மாகூட விடியகாலம் பெரட்டுக்கு போறப்ப கங்காணிதானே பேரு கூப்டாரு, வேல பிரிச்சு குடுத்தாரு, நின்னுச்சுங்கற?"ன்னாங்க. நான் ஓடிப் போயி திரும்ப படிச்சேன். ஊருக்கு போயி ஆள் சேத்துக்கிட்டு வர்ற கங்காணி வேற, தோட்டத்துல ஆளுங்கள மேய்க்கிற கங்காணி வேற, நின்னது மொதல்ல சொன்னது. ரெக்ரூட்மெண்ட்ங்கற ஒரு வார்த்தைய நான் தூக்கிட்டு சிஸ்டம்னு போட்டிருந்தேன், அதுல வந்த வினை. அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு, துறைச் சொல்லு சிலத மாத்தவே கூடாது. அசிஸ்டட் எமிகிரேஷன் அப்படியேதான் இருக்கணும், அத சுத்தி இருக்குற வாக்கியம்தான் உங்களோடதா இருக்கணும். அப்படி எழுதிட்டு, சாந்து 1969ன்னு அவரோட கருத்து ஆரம்பிக்கிற எடத்துலயே வச்சேன். பாரா கடைசில ஒண்ணே ஒண்ணு போட்டா எந்த வரி அவரோடது, எந்த வரி உங்களோடதுன்னு படிக்கிறவருக்கு தெரியாது.

சைட்டேஷன் எப்படி போடணும்னு சொல்ற ஏபிஏ கையேடு 7வது பதிப்புல பாரஃப்ரேஸுக்கு, அதான் சொந்த வார்த்தையில மாத்தி எழுதுறதுக்கு, பக்க எண் கட்டாயம் இல்ல, போட்டா நல்லதுன்னு சொல்றாங்க, பெரிய புத்தகம்னா தயவுசெஞ்சு போடுங்க. வார்த்தைக்கு வார்த்த எடுத்தா பக்க எண் கட்டாயம், 40 வார்த்தையும் அதுக்கு மேலயும்னா தனியா உள்தள்ளி எழுதணும். அந்த பதிப்பு 2019 கடைசிலதான் வந்துச்சு, எங்க பேட்ச் பாதி வரைக்கும் 6வதுல எழுதிட்டு நடுவுல மாத்த சொன்னாங்க, பதிப்பகம் இருக்குற ஊர் பேர எல்லாம் ஒவ்வொண்ணா அழிச்சேன்.

இதுல இன்னொரு கொடுமை, சொல்லாம இருக்க முடியல. எங்க தோட்டத்துல போன் லைன் கெடையாது. செம்பனை மேட்டுல ஏறுனா ஒரு கோடு ரெண்டு கோடு வரும். திருத்துன சாப்டர அப்லோட் பண்ண மோட்டார் எடுத்துக்கிட்டு டவுன் பெட்ரோல் ஸ்டேஷன் ஓரம் போயி நிக்கணும், வழியில போலீஸ் நிறுத்தி வீட்டுக்கு ஒரு ஆளுதானே வெளிய வரலாம்னு கேப்பாங்க, லேப்டாப்ப காட்டி கெஞ்சணும். டவர் போடுறோம்னு ஒரு கம்பெனிக்காரங்க வந்து அளந்துட்டு போனாங்க, அளந்ததோட சரி. ஆன்லைன் கிளாஸ்ல கேமரா போடலன்னு மார்க் கழிச்சாங்க. தோட்டத்து லயத்து வீட்டுல இருக்குற பிள்ளைங்களும் இந்த நாட்டு பிள்ளைங்கதானே, அதே பீஸ்தானே கட்டுறோம்? இன்னும் ஆத்திரம் தீரல எனக்கு. சரி, விசயத்துக்கு வர்றேன்.

அம்மா சொன்னத ப்ராஜெக்ட்ல சேக்கலாமான்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். சேக்கலாம், ஆனா சும்மா கேட்டதுன்னு விட முடியாது, ஒழுங்கா பேட்டி எடுத்து சம்மத பாரத்துல (ஃபார்ம்ல) கையெழுத்து வாங்குன்னாரு. பேட்டி குடுக்குறவங்க பேர மறைச்சு இன்ஃபார்மன்ட் 1, 2ன்னு போடுறதுதான் வழக்கம். அம்மாகிட்ட படிச்சு காட்டுனேன். "நான் என்ன பொய்யா சொன்னேன், பேர ஏன் மறைக்கணும்? அந்த சாந்துக்கு மட்டும் பேரு போட்டிருக்க"ன்னு கேட்டாங்க. பாரத்த மாத்தி எழுதி, பேரு வெளியிட சம்மதம்னு கையெழுத்து வாங்கி, அம்மா பேரோடயே போட்டேன். ஆறாவது வரைக்கும் தமிழ்ப்பள்ளியில படிச்சவங்க எங்கம்மா. எனக்கு கெடச்ச மார்க்க விட அந்த பேரு அதுல இருக்குறதுதான் எனக்கு பெருமை.

பேருன்னதும் ஒண்ணு. நம்ம ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்ட பேர்ல கடைசில இருக்குறது அப்பா பேரு. ரெஃபரன்ஸ் லிஸ்ட் போட்டு குடுக்குற மெண்டலே மாதிரி சாஃப்ட்வேர் அத குடும்பப் பேருன்னு நெனச்சு முன்னாடி தூக்கி போட்டுரும், எழுதினது மக, பேரு வர்றது அப்பா பேரு. எங்க ஊரு தலைவர் வீ.தி. சம்பந்தன் மாதிரி இனிஷியல் முன்னாடி இருந்தா பிரச்சன இல்ல. மத்ததெல்லாம் கையால சரி பண்ணுங்க, எழுதினவங்களுக்கு குடுக்குற மரியாத அது.

கீழ ஒருத்தர், இங்லீஷ்ல இருக்குறத மலாய்ல மாத்தி எழுதிட்டா எதுவுமே மாட்டாதுன்னு பதில் போட்டிருக்காரு, 15 பேரு லைக்கும் போட்டிருக்கீங்க. அத கேக்காதீங்க. நீங்களே மொழிபெயர்த்தா ஏபிஏ கணக்குல அது பாரஃப்ரேஸ், மேற்கோள் குறி வேணாம், ஆனா சைட்டேஷன் வேணும். தமிழ்ல மாத்துனாலும் அதேதான்.

எல்லா வரிக்கும் போடணுமான்னும் கேட்டிருந்தீங்க, இல்ல. 1957 ஆகஸ்ட் 31 மெர்டேக்காவுக்கு, அதான் சுதந்திரத்துக்கு, யாரும் சோர்ஸ் கேக்க மாட்டாங்க. 1948 ஜூன் 16 எங்க ஊர் பக்கம் மூணு வெள்ளக்கார துரைங்கள சுட்டு, அவசரகாலம் வந்ததும் ஊரறிஞ்ச விசயம்தான், ஆனா அது ஏன் நடந்துச்சுன்னு நீங்க எழுதினீங்கன்னா அது ஒருத்தரோட ஆராய்ச்சி, அங்க அவரு பேரு வரணும்.

நீ என்ன புரொபசரா, ஒரு டிகிரிய வச்சுக்கிட்டு பாடம் எடுக்குறேன்னு சிலர் வருவீங்க. நான் புரொபசர் இல்ல, கோல கங்சார்ல ஒரு ஆபீஸ்ல கிராணி, அதான் கிளார்க். ஆனா சித்தி பிள்ளைங்க, பக்கத்து வீட்டு பிள்ளைங்கன்னு வருசத்துக்கு அஞ்சாறு பேரு சாப்டர் 2 எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வர்றாங்க, எல்லாருமே நான் செஞ்ச அதே தப்போடதான் வர்றாங்க, அதனால எழுதுறேன். உங்க ஃபேகல்டி ரூல் வேற மாதிரி இருந்தா அதத்தான் கேக்கணும்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு ராத்திரி இருக்கு. டூல்ல போட்டு எடுத்த பாராவுல எது மோசம்னு உங்களுக்கே தெரியும், அதுலருந்து ஆரம்பிங்க. அம்மாவோ தங்கச்சியோ யாராவது பக்கத்துல இருந்தா சொல்லி பாருங்க. பேரு எப்படி போடுறதுன்னு சந்தேகம் வந்தா கீழயே கேளுங்க, ராத்திரி ஒம்போது மணிக்கு மேல பாத்து பதில் போடுறேன்.