நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஊரின் பழைய நடுகற்களைக் காக்க மாணவர்கள் என்ன செய்யலாம்?

தருமபுரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சில ஆண்டுகள் திட்ட அலுவலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சண்டையிலோ மாடு காக்கப்போயோ உயிர்விட்ட வீரனுக்கு ஊரார் நட்டுவைத்த நினைவுக் கல்தான் நடுகல். எங்கள் பக்கத்திலும் திருவண்ணாமலையிலும் அதற்குப் பஞ்சமே இல்லை. காக்க ஆள்தான் வேண்டும்.

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். முகாம் என்றாலே பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு வாளி வந்துவிடும். கல்லுக்குச் சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்கக் கூடாது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது, ஆசிட் பக்கமே போகக் கூடாது. சாய்ந்திருக்கிறதே என்று சிமெண்ட் மேடை கட்டி நிறுத்துவார்கள். அதில் அடிப்பக்கத்து எழுத்து புதைந்துபோகும். நல்லெண்ணத்தோடு செய்த முகாம் வேலைகளால் வீணான கற்களைப் பார்த்திருக்கிறேன். முட்செடியை வெட்டுங்கள், குப்பையை அள்ளுங்கள். அதற்கு மேல் கல்லில் கை வைப்பது தொல்லியல் துறையின் வேலை. மாநிலப் பாதுகாப்புச் சின்னமாக அறிவிக்கப்பட்டது என்றால் அதைக் காக்கும் 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் வேறு இருக்கிறது.

மாணவர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாத வேலை ஒன்று உண்டு: பதிவு. சாலை அகலப்படுத்த வரும் பொக்லைன் நல்ல கல்லா வெறும் கல்லா என்று பார்க்காது. படம், அளவு, ஜிபிஎஸ் புள்ளி, யார் நிலம் என்ற விவரம் கையில் இருந்தால்தான் ஊர்க்காரர் நின்று பேச முடியும்.

ஊருக்குள் போய் "நடுகல் எங்கே?" என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் நடுகல்லை வேடியப்பன் என்ற பேரில் சாமியாகக் கும்பிடுவார்கள். வேடியப்பன் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள், ஆடு மேய்க்கும் தாத்தாவே கூட்டிப்போவார். உச்சி வெயிலில் எழுத்து கண்ணுக்குப் படாது. பொழுது சாய்ந்தபின் போய், டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வரிவரியாக எழும்பி வரும். வகுப்பில் தூங்கி வழிகிற பையன்கூட அப்போது கல்லை விட்டு நகர மாட்டான்.

எழுத்தைப் படிக்க மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் நகல், எடுப்பது நல்லது. ஆனால் அந்த வேலை தெரிந்தவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். கல்லைத் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். கொஞ்சம் காய்ந்ததும் மை தோய்த்த துணிப்பந்தால் ஒற்றினால் கருப்பில் வெள்ளை எழுத்து தெரியும். அவசரப்பட்டு ஒற்றினால் தாள் கிழியும்.

எழுத்தில் அரசன் பேர் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப்போய் உயிர்விட்ட வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயும் அதில் இருக்கிறது. நாய்க்குப் பேரோடு கல்வெட்டு! முதல் நாள் இதைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், ஆள் சேர்க்கச் சிரமம் இருக்காது.

சரி, நேரம்? ஏழு நாள் சிறப்பு முகாம் கற்களைத் தேடவும் படம் எடுக்கவும் போதும். ஆண்டுக்கு 120 மணி நேரம் என்ற வழக்கமான பணி இருக்கிறதே, அதில் ஒரு பகுதியை ஒதுக்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கற்களைப் போய்ப் பாருங்கள். பல கல்லூரிகள் கோட்டை விடுவது இங்கேதான். முகாம் அறிக்கை கல்லூரி பீரோவோடு நின்றுவிடும். ஒரு படி ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரு படி தொல்லியல் துறைக்கும் போக வேண்டும்.

மண்ணைக் கிளறும்போது காசோ சிலையோ கிடைத்தால் பையில் போட்டுக்கொள்ளாமல் உடனே தாசில்தாருக்குச் சொல்லச் சொல்லுங்கள். 1878 புதையல் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது.

அப்புறம், பூசை நடக்கிற கல் என்றால் பூசாரியிடம் கேட்காமல் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தாள் ஒட்டாது என்பதால், மைப்படியை எந்தக் கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள்.